ஐந்து நாள் காத்திருந்த பட்டைகள்

குன்வோர் ஹவ்க்லி கோபக்காரி என்பது சாண்ட்வோல் ஊரில் தபால்காரர் வரைக்கும் தெரியும். அவளுடைய அம்மாவின் அடக்கத்தில் பாதிரியார் இறந்தவரின் பெயரைத் தப்பாகச் சொன்னபோது, நிறைந்த தேவாலயத்தில் எழுந்து நின்று, "பேரைச் சரியா சொல்லிட்டு மிச்சத்தைப் படி" என்றவள் அவள். கூட்டுறவுக் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கில் பாதி அழுகியிருந்ததற்காக மூட்டையோடு திரும்பிப் போய்க் கல்லாவின் மேல் கொட்டியிருக்கிறாள். புருஷன் ஆர்ன்ஸ்டைன் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பேசவே மாட்டான். வீட்டுக்குத் தேவையான பேச்சையும் சண்டையையும் அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் பம்பர் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இந்தச் சம்பவம் நடந்த 1988இல் அவளுக்கு நாற்பத்தொன்பது. ஊரில் பாதிப்பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கார்களின் முன்னால் பொருத்துகிற, உள்ளே கூடான அலுமினியப் பட்டைகள் அங்கே தயாராகி, லாரியில் ஏறி, மலை தாண்டி சுவீடனுக்குப் போகும். பட்டைகள் நீளமான சூளைக்குள் நுழைந்து, உருகுவதற்குக் கொஞ்சம் முன்பு வரைக்கும் காய்ந்து, அதே சூட்டோடு தண்ணீர்த் தாரையில் குளித்து வெளியே வரும். அந்த அதிர்ச்சியில் கோணிக்கொண்டிருக்கும். இரண்டு முனையையும் கவ்விப் பிடித்து இழுத்து நேராக்குவார்கள். அதற்கு அடுத்தது குன்வோர் நிற்கும் பிரஸ், அழுத்தி வளைக்கும் இயந்திரம். அங்கே வில் மாதிரி வளைத்துக் கொடுத்தால், கடைசி அடுப்பில் ஒரு நாள் மிதமான சூட்டில் கிடந்து இறுகிவிடும்.

தண்ணீரில் குளித்து வந்த பட்டை முதல் சில மணி நேரம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். யாரும் தொடாமல் மூலையில் கிடந்தாலும் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். இதற்கு எந்தப் புத்தகமும் குன்வோருக்குத் தேவைப்படவில்லை. கையில் எடுத்து ஒரு தட்டு தட்டினாலே காலையில் வந்ததா, நேற்று வந்ததா என்று சொல்லிவிடுவாள்.

முந்தின அக்டோபரில் ஒரு பெரிய சண்டை நடந்திருந்தது. பட்டைகள் கோணலாகவே வந்துகொண்டிருந்தன. பிரஸ்ஸில் சரியாக உட்காரவில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நான்காவது முறை மூன்று கோணல் பட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் மேலாளரின் மேஜைமேல் போட்டாள். காப்பிக் குவளை கவிழ்ந்தது. "இதை நேராக்கிக் குடுக்கற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறு வாரத்திலிருந்து பட்டைகள் கோடு போட்ட மாதிரி நேராக வந்தன. அந்தச் சண்டையை அவள் தன் வெற்றிகளில் ஒன்றாக வைத்திருந்தாள்.

அந்த மே மாதத்தில் வியாழக்கிழமை ஏசு விண்ணேறிய நாள், விடுமுறை. இடையில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமையையும் வழக்கம்போல எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய் பதினேழாம் தேதி, நாட்டின் கொடிநாள், அன்றும் விடுமுறை. நடுவில் திங்கள் ஒரு நாள்தான் வேலை. லாரி புதன்கிழமை வரவேண்டும். அதனால் இன்ஜினியர் ஐலிஃப், விடுமுறைக்கு முன்னாலேயே புதனன்று இருநூறு பட்டைகளைச் சூளையில் போட்டு எடுத்து, இழுத்து, அடுக்கிவைக்கச் சொல்லிவிட்டான். அவை ஐந்து நாள் அடுக்கில் கிடந்தன.

திங்கள் காலை பிரஸ்ஸின் இடது பக்கம் ஹல்வார் நின்றான். முப்பத்துநாலு வயது. ஊர் பாண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவன். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அவன் பக்கம் இருந்தது. வலது பக்கம் குன்வோர், வளைந்து வந்த பட்டையை அச்சில் வைத்து அளவு பார்க்கிறவள்.

முதல் பட்டை வளைந்துவிட்டுத் திரும்பவும் எழும்பியது. அச்சில் உட்காரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதின் வளைவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"இது கெட்டிப்பட்டுப் போச்சு ஹல்வார்" என்றாள் குன்வோர்.

"ஐலிஃபைக் கேக்கறேன் இரு."

சுவரிலிருந்த ஃபோனில் ஹல்வார் பேசினான். பேசிவிட்டு வந்து திருகைக் கூட்டினான். "கொஞ்சம் அழுத்தத்தை ஏத்தி ஓட்டச் சொல்றான். லாரி புதன்கிழமை காலையிலயே வந்துடுமாம்."

நான்காவது சரியாக வந்தது. ஐந்தாவது சுமார். ஆறாவது பட்டை 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் பிளந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹல்வார் ஏழாவதை வைத்தான்.

ஏழாவது முறிந்தது. பாதுகாப்புக் கதவின் மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தது. உடைந்த துண்டு அதன் வழியாகப் பறந்து வந்து ஹல்வாரின் தாடையில் அடித்தது. குன்வோர் சிவப்புப் பொத்தானைக் குத்திவிட்டு ஓடியபோது அவன் தரையில் உட்கார்ந்து, கை நிறைய ரத்தத்தையும் இரண்டு பற்களையும் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஊர் முழுக்கக் கொடி. பிள்ளைகள் ஊர்வலம் பாலத்தைத் தாண்டி வந்தது. பாண்டு குழுவில் இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை யாரும் நிரப்பாமல் அப்படியே விட்டு நடந்தார்கள். குன்வோர் வெள்ளி ஊசி குத்திய, கம்பளியில் பின்னல் வேலை செய்த தேச உடையில் நின்றுகொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். அது கடந்து போனதும் எதிர்ச்சாரியில் ஐலிஃப் தென்பட்டான். கோட்டில் மூவர்ண நாடா. ஒரு கையில் சின்ன மகள், மறு கையில் அவளுடைய ஐஸ்கிரீம். குன்வோர் ஊர்வலத்துக்குக் குறுக்கே புகுந்து நேராக அவனிடம் போனாள்.

"ஹல்வார் எப்படி இருக்கான்?" என்று அவனே முந்திக்கொண்டான்.

"கேக்கறதுக்கு உனக்கு வாய் இருக்கு. அவன் வாயைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க."

"இன்னிக்கு வேண்டாமே குன்வோர். பதினேழாம் தேதி இன்னிக்கு."

"நேத்து பதினாறாம் தேதி. ஃபோன்ல நீ என்ன சொன்னே?"

"கொஞ்சம் கூட்டிப் பாருன்னுதான்... விரிசல் விழுந்தா நிறுத்தணும்னு அவனுக்கே தெரியாதா?"

"விரிசல் விழுந்ததாலதானேடா ஃபோனே பண்ணான்! நிறுத்தறதப் பத்தி ஏன் ஒரு வார்த்தை சொல்லல? அந்த வார்த்தையை மட்டும் லீவுக்கு வீட்டுல விட்டுட்டு வந்துட்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் கொடியை ஆட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். ஐலிஃபின் காது சிவந்தது. "அறிக்கை நாளைக்கு வரும். அதுல எல்லாம் இருக்கும்" என்றான்.

பின்னாலேயே வந்திருந்த ஆர்ன்ஸ்டைன் அவள் முழங்கையைத் தொட்டான். "குழந்தையோட ஐஸ்கிரீம் உருகுது" என்றான். அன்று அவன் பேசியது அது ஒன்றுதான்.

அறிக்கை புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் தொங்கியது. அரைப் பக்கம். அனுமதி இல்லாமல் இயந்திரத்தின் அழுத்தத்தைக் கூட்டியதே விபத்துக்குக் காரணம் என்றும், இயக்குபவர்களுக்கு மறுபடி பயிற்சி தரப்படும் என்றும் எழுதியிருந்தது. கீழே ஐலிஃபின் கையெழுத்து.

குன்வோர் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நான்கு ஆணிகளோடும் சேர்த்துப் பிடுங்கி, மடித்து, கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். அடுக்கில் மிச்சமிருந்த பட்டைகளிடம் போய், புதன் பதினொன்று என்று தேதி போட்ட சீட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சுண்ணக்கட்டியால் எல்லாவற்றின் மேலும் 'தொடாதே' என்று எழுதினாள். ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளி, லேபுக்குள் நுழைந்தாள்.

லேபில் போர்கில் என்ற பெண் இருந்தாள். இருபது வருடமாக உலோகத்தை இழுத்து அறுத்துப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. அவளும் குன்வோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"கதவுக் கண்ணாடியை உடைச்சுடாதடி" என்றாள் போர்கில்.

"இதை இழுத்துப் பாரு. காலையில வந்ததையும் இழுத்துப் பாரு. ரெண்டும் ஒண்ணுதானான்னு எனக்குக் காகிதத்துல வேணும்."

 போர்கில் சூளைப் பக்கம் போய், அன்று காலை வந்த பட்டைகளில் நேராக்க இழுத்தது ஒன்று, இன்னும் இழுக்காதது ஒன்று, இரண்டையும் வாங்கிவந்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கீற்று வெட்டி இயந்திரத்தின் வாயில் மாட்டினாள். கீற்றை இயந்திரம் மெல்ல இழுக்க இழுக்க, கட்டம் போட்ட தாளில் பேனா ஒரு கோடு வரைந்தது.

இழுக்காத புதுப் பட்டையின் கோடு கீழேயே வளைந்து, சாவகாசமாக ஏறி, நீளமாகப் போய் அறுந்தது. காலையில் இழுத்து நேராக்கியதன் கோடு அதைவிட உயரத்தில்தான் வளையவே தொடங்கியது. அடுக்கில் கிடந்த பட்டையின் கோடு முதல் கோட்டைப் போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு விறைப்பாக ஏறியது. ஏறிய கொஞ்ச தூரத்திலேயே 'பட்'டென்று அறுந்துவிட்டது.

"பாத்தியா! பாத்தியா!" குன்வோர் மேஜையை அறைந்தாள். "திங்கக்கிழமையே அஞ்சு நாள்! ஹல்வார் என்ன பண்ணுவான் இதுக்கு?"

"கத்தாத. நடுவுல இருக்கறதப் பாரு." போர்கில் இரண்டாவது தாளை முன்னால் தள்ளினாள். "சூளையில இருந்து வந்த அலுமினியத்தை எவ்வளவு இழுக்கறமோ அவ்வளவு அது உறுதியாகிடும். கம்பியை ஒரு தடவை வளைச்சுட்டு அதே எடத்துல மறுபடி வளைச்சா கை வலிக்குது பாரு, அதேதான். நேராக்கறதுக்கு இழுக்கும்போதே அது பாதி முறுக்கிக்குது. வளையறதுக்குன்னு அதுகிட்ட இருந்ததுல கொஞ்சம் அங்கயே தீந்து போச்சு. அதுக்கு மேல அஞ்சு நாள் கெடந்து இறுகினா, பிரஸ்ல வளையறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"அப்ப எதுக்கு இவ்வளவு இழுக்கறாங்க? முன்னாடி இப்படி இல்லயே."

போர்கில் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். அக்டோபர் மாத உத்தரவு. நேராக்கும் இழுப்பை முன்பைவிட நான்கு மடங்காக்கச் சொல்லியிருந்தது. காரணம் என்ற இடத்தில்: பிரஸ் பிரிவின் புகார், குன்வோர் ஹவ்க்லி.

குன்வோர் அதைப் படித்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்து போர்கில் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"எனக்கு யாரும் சொல்லலயே" என்றாள் குன்வோர். "நேராக்கிக் குடுன்னுதான் சொன்னேன். எப்படி நேராக்கணும்னு நானா சொன்னேன்?"

"நீ சொல்லல."

"அப்புறம் ஏன் என் மூஞ்சியில காட்டறே?"

"நீதான்டி கேட்டே." போர்கில் ஃபைலை மூடினாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ரெண்டு தாள் போதும். புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு. நடுவுல இருக்கறதக் கொண்டு வரணும்னு அவசியம் இல்ல. இந்த ஃபைலை யாரும் கேக்கப் போறதில்ல."

குன்வோர் வெளியே வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தவள் மறுபடி இறங்கி முன்சக்கரத்தை எட்டி உதைத்தாள். கால் பெருவிரல் வீங்கிவிட்டது. யார்மேலாவது கோபம் வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும், போய்ச் சொல்லிவிடுவாள். இந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஆர்ன்ஸ்டைனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "சொன்னா அந்த ஐலிஃப் தப்பிச்சுடுவான். மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டுப் போயிடுவான். சொல்லலன்னா..."

ஆர்ன்ஸ்டைன் மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்!"

"உன்னால சொல்லாம இருக்க முடியாது" என்றான் அவன். "எதுக்கு ரெண்டு நாள் சிரமப்படறே?"

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேலாளர், ஐலிஃப், தொழிற்சங்கப் பிரதிநிதி, போர்கில் ஆகியோர் இருந்தார்கள். குன்வோர் உட்காரவில்லை. மூன்று தாள்களையும் மேஜைமேல் பரப்பி, அவற்றின் மேல் அக்டோபர் உத்தரவை வைத்தாள். பக்கத்தில் பிடுங்கிய அறிக்கையை, ஆணி ஓட்டைகளோடு.

"இழுப்பைக் கூட்டினது என் சண்டையால. பட்டை அங்கயே பாதி கெட்டியாச்சு. இது என் தப்பு. மொதல்ல இத எழுதிக்கோங்க." மேலாளர் பேனாவைத் தேடும்வரை காத்திருந்தாள். "எழுதியாச்சா? இப்ப இவன் தப்புக்கு வருவோம்."

ஐலிஃப் தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். "இழுப்புதான் காரணம்னு இதுலயே தெளிவா இருக்கே" என்றான். "அப்ப லீவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

குன்வோருக்கு வந்த கோபத்தில் குரல்கூட உயரவில்லை. அதைக் கேட்ட போர்கில், அவள் அப்படித் தணிந்த குரலில் பேசி அதற்கு முன்னால் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னாள்.

"எழுந்து வா" என்றாள். "எல்லாரும் வாங்க."

பிரஸ்ஸின் பாதுகாப்புக் கதவுக்கு மேலிருந்த இடைவெளியை அதற்குள் இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாள். அன்று காலை சூளையிலிருந்து வந்து, அதே நான்கு மடங்கு இழுப்பில் நேராக்கிய பட்டை ஒன்றை வைத்து, திருகைப் பழைய அளவில் வைத்து ஓட்டினாள். பட்டை முனகிக்கொண்டு வளைந்தது, விரிசல் இல்லை. எடுத்து ஐலிஃபின் கையில் கொடுத்தாள். "இது இழுத்தது. தடவிப் பாரு."

அடுத்து 'தொடாதே' எழுதிய பட்டையை வைத்தாள். திருகை, ஹல்வார் அன்று வைத்த அளவுக்குக் கூட்டினாள். "இதுவும் இழுத்ததுதான். ஆனா ஒம்பது நாள் கெடந்தது. இப்ப ஃபோன்ல சொன்னியே, அதச் சொல்லு."

 அவள் ஓட்டினாள். தகட்டுக்குள்ளே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மேலாளர் கையிலிருந்த நோட்டைக் கீழே போட்டார். உடைந்த முனை உள்பக்கம் மோதிய இடத்தில் தகடு புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆளின் தாடை உயரம்.

ஐலிஃப் அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "லீவுக்கு முன்னாடி சூளையில போடச் சொன்னது நான்" என்றான். "கூட்டி ஓட்டச் சொன்னதும் நான்தான். விரிசல்னு அவன் சொன்னான். எழுதிக்கோங்க."

புது அறிக்கை நான்கு பக்கம். ஹல்வாரின் மேல் பழி எதுவும் இல்லை. நேராக்கும் இழுப்பு பாதியாகக் குறைந்தது. தண்ணீரில் குளித்த பட்டை நான்கு மணி நேரத்துக்குள் பிரஸ்ஸுக்கு வராவிட்டால் மறுபடி சூளைக்குத்தான் போகவேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள் சூளை ஓடக்கூடாது. குன்வோர் ஒரு நகலை வாங்கிக்கொண்டு ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை ஹல்வாரின் வீட்டுக்குப் போனாள். அவன் வெளியே மரப்படியில் உட்கார்ந்து குழாய் வைத்து சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தான். தாடை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தான்.

"அக்டோபர்ல நான் பண்ணினதும் அதுல இருக்கு" என்றாள் அவள். "மன்னிச்சுக்கோ."

"அது கெடக்குது." கட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து வார்த்தைகள் பிசிறிக்கொண்டு வந்தன. "யாருக்குத் தெரியும் அப்படி ஆகும்னு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல, குன்வோர். ஆறாவது பட்டை டக்குன்னுச்சே. நீ கேட்டே இல்ல?"

"கேட்டேன்."

"உருளைக்கிழங்குக்குக் கத்தறே. பாதிரியாரைப் பாத்துக் கத்தறே. அன்னிக்கு மட்டும் ஏன் கத்தல? பொத்தான் உன் கைக்குப் பக்கத்துலதானே இருந்துச்சு?"

அவள் வாய் திறந்தது. ஐலிஃப், லாரி, ஃபோன் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. ஆனால் உண்மை வேறு. மறுநாள் கொடிநாள், தேச உடையை இஸ்திரி போட வேண்டும், கேக் செய்ய வேண்டும், சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அந்த நிமிடம் அவளும் நினைத்திருந்தாள். அதை அவனிடம் அப்படியே சொன்னாள்.

ஹல்வார் சூப் கிண்ணத்தைப் படியில் வைத்தான். "போ" என்றான். "இப்ப போயிடு. எனக்குக் கோவம் வருது."

அவள் போனாள். அன்று வழியில் யாரோடும் சண்டை போடவில்லை.

இலையுதிர் காலத்தில் ஹல்வார் வேலைக்குத் திரும்பினான். டிரம்பெட் இனி முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாண்டில் மேளத்துக்கு மாறியிருந்தான். பிரஸ் வேண்டாம், சூளைப் பக்கம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். குன்வோரைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பான்.

நவம்பரில் பாதுகாப்புப் பிரதிநிதி தேர்தல் வந்தது. ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் எந்த இயந்திரத்தையும் நிறுத்த அந்த ஆளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வழக்கமாக யாரும் முன்வராத பதவி. குன்வோர் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தாள். சாப்பாட்டு அறையில் கை தூக்கும்போது சூளைப் பக்கத்து மேஜையில் முதலில் எழுந்த கை ஹல்வாருடையது. "கத்தறதுக்குன்னு ஒரு ஆள் வேணும்ல" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னானாம்.

ஓய்வு பெறும்வரை பதின்மூன்று வருடம் அந்தப் பதவியில் இருந்தாள். அதற்குள் பத்தொன்பது முறை பிரஸ்ஸை நிறுத்தினாள். அதில் ஆறு முறை ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அரை நாள் வேலை கெட்டது, மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார், லாரிக்காரன் வைதான். அந்த ஆறுக்காக அவள் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கச் சொன்ன ஐலிஃபிடம், "உன் தாடையைத் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசு" என்றாள்.